புல்மோட்டைக் கறுப்பு மணலும் கல்பாக்கத்துக் கண்ணாடியும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, நிலாவெளி, குச்சவெளி தாண்டி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் போனால் புல்மோட்டை. அந்தக் கடற்கரையின் கறுப்பு மணல் முழுவதையும் 'இல்மனைட்' என்ற ஒரே பேரால் அழைத்துப் பழகிவிட்டோம். 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் வந்த நாள் முதல் 'இல்மனைட்ல வேலை' என்றால் எங்கள் மாவட்டத்தில் எல்லாருக்கும் விளங்கும். அந்த மணலில் பெரும்பங்கு இல்மனைட்தான். ஆனால் அதற்குள் ரூட்டைல் இருக்கிறது, சிர்க்கோன் இருக்கிறது, மிகச் சொற்பமாக, நூற்றுக்கு அரைப்பங்கும் தேறாத அளவில், மொனசைட் என்றொரு மஞ்சள் மண்ணிறக் குறுணியும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் குறுணியிலிருந்து தொடங்குகிறது.

மொனசைட்டில் தோரியம் உண்டு. நம் நாட்டு மொனசைட்டில் அது ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. தோரியம் கதிர் வீசும் மூலகம். இந்தக் குறுணிகள் இலங்கையின் மலைப்பாறைகளுக்குள் உருவாகிச் சுமார் 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பாறை உடைந்து, ஆற்றில் உருண்டு, கடலில் விழுந்து, அலையால் அரைபட்டுக் கரை சேர்ந்திருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் தோரியம் குறுணியை விட்டு வெளியேறவில்லை. தோரியம் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாகிறது; அந்த ஈயம்கூடப் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கிறது. புவியியலாளர் ஒரு மொனசைட் மணியின் வயதைக் கணிப்பதே அதற்குள் தங்கிய ஈயத்தை அளந்துதான். பூட்டு கசிந்திருந்தால் கணக்கே பிழைத்துப் போயிருக்கும்.

மனிதன் எழுபது எண்பது ஆண்டுகளாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஒரு பிரச்சினைக்கு இயற்கை எழுதிவைத்த விடை இது. அணுவுலைக் கழிவை எதற்குள் பூட்டுவது? பூட்டினால் எவ்வளவு காலம் தாங்கும்?

தமிழ் படிப்பிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு முதல் அக்கறை சொல்லில்தான் வந்தது. நம் பாடநூல்கள் 'கதிர்த்தொழிற்பாடு' என்கின்றன. தமிழ்நாட்டார் 'கதிரியக்கம்' என்கிறார்கள். இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் கழிவைத் திண்மப் பொருளுக்குள் கட்டிப்போடும் செயலுக்குப் பொதுவழக்கில் சொல்லே இல்லை. 'கழிவு அகற்றல்' என்று எழுதிவிடுகிறார்கள். அகற்றுவது என்றால் எங்கே அகற்றுவது? இந்தக் கழிவை எரித்தாலும் கதிர் அழியாது, கரைத்தாலும் அழியாது. செய்யக்கூடியது ஒன்றே: அசையாமல் பிடித்து வைத்துக் காலம் அதைத் தின்னும்வரை காத்திருப்பது. ஆகவே 'அசைவறுத்தல்' என்ற சொல்லை இங்கே கையாள்கிறேன். இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர் எழுதட்டும்.

நமக்கு ஏன் இந்தக் கவலை? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். திருகோணமலையிலிருந்து கடல்மேல் நேர்கோடு போட்டால் சுமார் 450 கிலோமீற்றரில் கல்பாக்கம். சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் இரண்டு மின்னுலைகள் 1980களின் நடுப்பகுதியில் இயங்கத் தொடங்கின. எரிந்த எரிபொருளை மீள்பதனிடும் ஆலையும் 1998 முதல் அங்கே உண்டு. கூடங்குளம் அதைவிட நமக்குக் கிட்ட. 2004 டிசம்பர் 26 காலை நம் கிண்ணியாவையும் மூதூரையும் குச்சவெளியையும் அடித்த அதே கடல்தான் அன்று கல்பாக்கத்தையும் அடித்தது. குளிர்நீர் ஏற்றும் பம்பி இல்லத்துக்குள் கடல்நீர் புகுந்தது; ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். ஊழியர் குடியிருப்பில் பல உயிர்கள் போயின. உலை தப்பியது என்பது நிம்மதிதான். ஆனால் கடலோரத்தில் ஒரு பொருள் திரவமாக நிற்பதும் கல்லாக நிற்பதும் ஒன்றல்ல என்பதை அந்தக் காலைநேரத்துக்குப் பிறகு நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

திரவம் எங்கிருந்து வருகிறது? உலையில் எரிந்து முடிந்த யுரேனியக் கோல்களை அப்படியே நீர்த்தொட்டியில் போட்டு வைக்கும் நாடுகள் பல. இந்தியா, பிரான்சு, ரஷ்யா போன்றவை அவற்றை வெட்டி, நைத்திரிக்கமிலத்தில் கரைத்து, மிஞ்சிய யுரேனியத்தையும் புதிதாய்ப் பிறந்த புளுட்டோனியத்தையும் பிரித்தெடுக்கின்றன. பிரித்த பின் மிஞ்சும் அமிலக் கரைசலில்தான் முழு விஷமும் இருக்கிறது. சீசியம், ஸ்ரொன்சியம் என்று பலதும் அதில் கலந்து, தன் கதிரின் சூட்டிலேயே தானாகச் சூடேறிக்கொண்டிருக்கும். உருக்குத் தாங்கிகளில் ஊற்றி, இடைவிடாமல் குளிரூட்ட வேண்டும். குளிரூட்டல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1957 செப்டம்பர் 29 சாட்சி. சோவியத்தின் மாயாக் நிலையத்தில் ஒரு தாங்கியின் குளிரூட்டி பழுதாகி, நீர் வற்றி, மிஞ்சிய உப்பு வெடித்தது. காற்று போன பக்கமெல்லாம் ஊர்களைக் காலி செய்ய நேர்ந்தது. அமெரிக்காவின் ஹான்போர்டில் அணுகுண்டுக் காலத்துக் கழிவு 177 நிலத்தடித் தாங்கிகளில், இருபது கோடி லீற்றர் அளவில் தேங்கியது. அறுபதுக்கு மேற்பட்ட தாங்கிகள் கசிந்ததாகக் கருதப்படுகிறது. அதைக் கண்ணாடியாக்கும் ஆலையை 2002இல் கட்டத் தொடங்கினார்கள். முதல் கழிவுக் கண்ணாடியை ஊற்ற இருபது ஆண்டுக்கு மேல் எடுத்தது. சேர்த்து வைப்பது லேசு, பிறகு கட்டிப்போடுவதுதான் பாடு.

கண்ணாடி ஏன்? வீட்டுச் சமையலறையை வைத்தே சொல்லலாம். தொதல் கிண்டும்போது கருப்பட்டியும் போடுகிறோம், கசுக்கொட்டையும் போடுகிறோம். ஆறிய பிறகு கொட்டையைக் கத்தி முனையால் நோண்டி எடுத்துவிடலாம். கருப்பட்டியை எடுக்க முடியுமா? அது தொதலாகவே ஆகிவிட்டது. சீமெந்தில் குழைத்த கழிவு பெரும்பாலும் கசுக்கொட்டை போல. சுற்றிலும் சீமெந்து பிடித்துக்கொண்டிருக்கும், ஆனால் நீர் ஊறும் நுண்துளைகள் அதில் உண்டு. கண்ணாடியில் உருகிய கழிவு கருப்பட்டி போல. சிலிக்கனும் போரனும் ஒட்சிசனும் கைகோர்த்து நிற்கும் வலைக்குள் சீசியமும் ஸ்ரொன்சியமும் மற்றவையும் உறுப்பினராகச் சேர்ந்துவிடுகின்றன. அணுவை வெளியே எடுக்க வேண்டுமானால் கண்ணாடியையே கரைக்க வேண்டும். கண்ணாடியின் இன்னொரு குணம், அது ஆளைத் தெரிந்து சேர்ப்பதில்லை. கழிவில் நாற்பது ஐம்பது வகை மூலகங்கள் இருக்கும். பளிங்குகள் தத்தமக்குப் பொருந்தும் அணுவை மட்டுமே ஏற்கும், கண்ணாடியோ ஏறக்குறைய எல்லாவற்றையும் ஏற்கும்.

செய்முறை இப்படி. கரைசலின் நீரை வற்றவைத்து, கண்ணாடி செய்யும் தூளோடு சேர்த்து, ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸில் உருக்குகிறார்கள். ஆளுயரத் தடிப்புள்ள கொங்கிரீட் சுவருக்கு உள்ளே எல்லாம் இயந்திரக் கையால்தான் நடக்கும். உருகிய குழம்பைத் துருப்பிடிக்காத உருக்குக் குடுவையில் ஊற்றி, வெடிப்பு விழாமல் மெல்ல மெல்ல ஆறவிட்டு, மூடியைப் பற்றவைத்து மூடுகிறார்கள். பிரான்சு 1978இல் மார்க்கூலில் இதை ஆலை அளவில் தொடங்கியது. அவர்களுடைய இப்போதைய குடுவை ஒன்றில் சுமார் 400 கிலோ கண்ணாடி கொள்ளும். இந்தியாவின் முதல் ஆலை 1985இல் தாராப்பூரில் வந்தது. அடுத்தது 2002இல் மும்பையின் துரொம்பேயில். கல்பாக்கத்திலும் மீள்பதன ஆலைக்கு அருகே அத்தகைய ஆலை எழுந்தது.

துரொம்பேயில் ஒரு சிக்கல் வந்தது. அங்குள்ள பழைய கழிவில் சல்பேற்று அதிகம். வழமையான சோடியம் போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியில் சல்பேற்று கரையாது. மேலே மஞ்சள் ஆடை போல் மிதந்து தனியே நிற்கும். அந்த ஆடை தண்ணீரில் கரையக்கூடியது. சீசியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அப்படியானால் கண்ணாடி செய்து என்ன பயன்? விஞ்ஞானிகள் கண்ணாடியின் சேர்மானத்தில் பேரியத்தைச் சேர்த்தார்கள். சல்பேற்று அடங்கியது. பால்சோறு பிடிக்கவில்லை என்று அரிசியைக் குறை சொல்லாமல் தண்ணீர் அளவை மாற்றிப் பார்க்கும் கைப்பக்குவம்தான் இதுவும். ஒரே மருந்து எல்லா நோய்க்கும் என்று அணுக் கழிவில் இல்லை.

அதே துரொம்பேயில் கழிவிலிருந்து சீசியத்தைத் தனியே பிரித்து, கண்ணாடியாக்கி, பென்சில் போன்ற உருக்குக் குழாய்களில் அடைத்து, இரத்த வங்கிகளில் இரத்தத்துக்குக் கதிரூட்டும் கருவிகளுக்குக் கொடுக்கிறார்கள். முன்பு பல நாடுகளில் சீசியம் குளோரைட்டுத் தூளைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள். அது உப்புப் போலக் கரையும், பரவும். 1987இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட ஓர் ஆஸ்பத்திரிக் கருவியைப் பழைய இரும்புக்காக உடைத்தபோது வெளியே வந்தது அந்தத் தூள்தான். இருட்டில் நீலமாக ஒளிர்கிறதே என்று பிள்ளைகள் உடம்பில் பூசி விளையாடினார்கள். நால்வர் இறந்தனர். அதே சீசியம் கண்ணாடியாக இருந்திருந்தால் உடைந்த துண்டைப் பொறுக்கியிருக்கலாம். துண்டும் ஆபத்துத்தான், ஆனால் ஊரெல்லாம் பரவியிராது.

கண்ணாடிக்கும் பலவீனம் உண்டு. நீர் மெல்ல மெல்ல அதை அரிக்கும். மாந்தையிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்த கண்ணாடி மணிகள் ஆயிரம் ஆண்டு தாண்டியும் மின்னுகின்றன என்பது உண்மை. பிரான்சின் தெற்கே கடலடியில் கிடந்த உரோமக் கப்பலொன்றின் கண்ணாடிக் கட்டிகளை ஆராய்ந்து, 1800 ஆண்டில் உப்புநீர் எவ்வளவு ஆழம் அரித்தது என்று அளந்தும் இருக்கிறார்கள். மேற்பரப்பில் அரிப்பு சிறிது. வெடிப்பு விழுந்த இடங்களில் கூடுதல். அதனால்தான் மெல்ல ஆறவிடும் அந்தக் கவனம். இன்னொன்று, கண்ணாடி என்பது பளிங்காக மாறப் பார்த்துக் கொண்டிருக்கும், அவசரத்தில் உறைந்துபோன ஒரு நிலை. சூடு கூடினால் உள்ளமைப்பு மாறலாம். ஆகவே குடுவைகளைப் பல பதிற்றாண்டு காற்றில் ஆறவைக்கிறார்கள். தாராப்பூரின் களஞ்சியத்தில் காற்று தானாகவே மேலெழுந்து சூட்டைக் கொண்டுபோகும். மின்விசிறி இல்லை, மின்சாரம் நின்றாலும் நிற்காது. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்த அம்சம் இதுதான்.

'கண்ணாடி ஏன், இயற்கை தோரியத்தைக் கல்லில்தானே வைத்தது?' என்று கேட்டவர் அவுஸ்திரேலியப் புவிவேதியியலாளர் டெட் ரிங்வூட். 1978இல் அவர் முன்வைத்தது 'சின்றொக்', அதாவது செயற்கைப் பாறை. டைட்டேனியத்தை அடிப்படையாகக் கொண்ட மூன்று கனிமங்களை, ஹொலண்டைட், சிர்க்கோனலைட், பெரொவ்ஸ்கைட் ஆகியவற்றை, உயர் வெப்பத்தில் அழுத்திச் செய்வது. சீசியத்துக்கு முதலாவது அறை, புளுட்டோனியம் யுரேனியம் போன்றவற்றுக்கு இரண்டாவது, ஸ்ரொன்சியத்துக்கு மூன்றாவது. யார் எந்த அறைக்கு என்று பளிங்கின் வடிவமே தீர்மானிக்கும். இந்தப் பாறை சுடுநீரிலும் கண்ணாடியைவிடப் பல மடங்கு மெதுவாகவே கரையும்.

சரி, கோடி ஆண்டு தாங்கும் என்று ஆய்வுகூடத்தில் எப்படி நிரூபிப்பது? ஆள் ஆயுள் அறுபது எழுபது. இங்கேதான் நம் மண் சாட்சி சொல்ல வந்தது. சிர்க்கோனலைட் இயற்கையிலும் உண்டு, இலங்கையிலும் கிடைத்திருக்கிறது. சுமார் 55 கோடி ஆண்டு தன் தோரியத்தின் கதிரைத் தானே வாங்கி, உள்ளமைப்பு முழுக்கக் குலைந்த நிலையிலும் யுரேனியத்தையும் தோரியத்தையும் ஈயத்தையும் விடாமல் பிடித்திருந்த அந்த இலங்கைக் கற்களை ரிங்வூட்டும் அவருடைய சகாக்களும் தங்கள் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டினார்கள்.

மாணிக்க வியாபாரம் நம் சமூகத்தில் பேருவளை, இரத்தினபுரிப் பக்கம் பரம்பரைத் தொழில். அவர்கள் கைபட்ட ஒரு கல்லும் இந்தக் கதையில் வருகிறது. நிறமற்ற சிர்க்கோனுக்கு 'மாத்தறை வைரம்' என்று பேர். அதே சிர்க்கோன் சில வேளை மங்கிய பச்சையாக, கனம் குறைந்து, எண்ணெய் பூசியது போன்ற பளபளப்போடு வரும், விலையும் குறையும். காரணம், உள்ளே இருக்கும் யுரேனியம் கோடிக்கணக்கான ஆண்டுகள் கதிர் வீசிப் பளிங்கைக் குலைத்துக் கண்ணாடி போல் ஆக்கிவிட்டது. கல் வீங்குகிறது, அடர்த்தி குறைகிறது. 1955இல் ஹொலண்ட், கொட்பிரீட் என்ற இருவர் இலங்கைச் சிர்க்கோன்களை வைத்தே எவ்வளவு கதிருக்கு எவ்வளவு சிதைவு என்று அளவிட்டார்கள். அணுக் கழிவுக்குக் கல் தேடுகிறவர்கள் இன்றும் அந்த ஆய்வுக்குத் திரும்புகிறார்கள். 1953இல் எகெலியகொடையில் ஏகநாயக்க கண்டெடுத்து அவர் பேராலேயே 'ஏகனைட்' எனப்படும் பச்சைக் கல்லும் இதே கதிதான். தோரியம் நிறைந்த அந்தக் கல்லை மோதிரத்தில் பதித்துப் போடுவது புத்தியல்ல.

மொனசைட் இதில் தனி இனம். அதுவும் அதே காலம், அதைவிட அதிகமான தோரியத்தைச் சுமக்கிறது. ஆனால் அதைக் குலைந்த நிலையில் காண்பது மிக அரிது. கதிர் உடைத்த இடத்தை அந்தப் பளிங்கு தானே, சாதாரண வெப்பநிலையிலேயே, ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தார் மொனசைட் போன்ற பொஸ்பேற்றுக்களைக் கழிவுக்குச் சிபாரிசு செய்ததற்கு இதுவே காரணம்.

இலங்கையின் தோரியக் கதை இலக்கியக்காரருக்கும் கொஞ்சம் சொந்தம். 1904இல் பலாங்கொடைப் பக்கம் கிடைத்த கனத்த கறுப்புக் கனசதுரங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக நாம் அறிந்த அதே மனிதர், அப்போது இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளர். அதுதான் தோரியனைட். பெற்றோமக்ஸ் மென்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. நம் கலியாண வீடுகளில் பெற்றோமக்ஸ் எரிந்த நாட்களில், அந்த வெள்ளை வெளிச்சம் தோரியத்தின் வெளிச்சம் என்று பந்தலில் இருந்த யாருக்கும் தெரியாது.

இவ்வளவு நல்ல கல் இருந்தும் உலகம் ஏன் கண்ணாடியோடு நிற்கிறது? ஆலைகள் முதலில் கண்ணாடிக்குக் கட்டப்பட்டுவிட்டன. கோடிக்கணக்கில் காசு போட்டாயிற்று. அதிகக் கதிருள்ள இடத்தில் உருக்கி ஊற்றுவது, அழுத்திச் சுடுவதைவிடச் சுலபம். கழிவின் சேர்மானம் நாளுக்கு நாள் மாறும்போது கண்ணாடி பொறுத்துப்போகும், கல் முரண்டு பிடிக்கும். அவுஸ்திரேலியா தன் மருத்துவ மூலகத் தயாரிப்பில் வரும் கழிவுக்குச் சின்றொக் ஆலை எழுப்புகிறது. கண்ணாடி போதுமான அளவு நல்லது, கல் அதைவிட நல்லது, ஆனால் தாங்கியில் நிற்கும் திரவம் இரண்டையும்விட எவ்வளவோ மோசம். ஆகவே நல்லதுக்காகக் காத்திருந்து மோசத்தை நீட்டுவது சரியில்லை என்பதே என் எண்ணம். சின்றொக்குக்கு வேண்டிய டைட்டேனியமும் சிர்க்கோனியமும் புல்மோட்டை மணலில் அள்ளக் கிடக்கின்றன. நாம் அதை மணலாகவே கப்பலேற்றுகிறோம் என்பது வேறு கட்டுரைக்கான விஷயம்.

காலக் கணக்கைப் பார்ப்போம். சீசியத்தின் அரைவாழ்வுக் காலம் 30 ஆண்டு. பத்து அரைவாழ்வு கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும். அதாவது 300 ஆண்டு. முந்நூறு ஆண்டு காவல் போட்டால் என்ன என்று அதிகாரிகள் லேசாகச் சொல்வார்கள். எங்கள் ஊர்க் கோட்டையைப் பாருங்கள். 1624இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் மட்டும் ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலேயரிடமும் பிறகு பிரெஞ்சுக்காரரிடமும் போனது. திரும்ப ஒல்லாந்தர், 1795இல் திரும்ப ஆங்கிலேயர், 1957இல்தான் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனது. நானூறு ஆண்டில் சாவிக்கொத்து இத்தனை கை மாறியது. வக்பு நிலங்களின் எல்லைக்கல்லையே மூன்று தலைமுறை காப்பாற்றப் படாதபாடு படுகிறோம். ஆகவே காவல்காரனை நம்பிய பூட்டு பூட்டாகாது. புளுட்டோனியத்தின் அரைவாழ்வோ 24,100 ஆண்டு. அங்கே காவல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதனால்தான் குடுவைகளைக் கடைசியில் நிலத்தின் ஆழத்தில் வைக்க வேண்டும் என்கிறார்கள். பின்லாந்து ஒன்கலோவில் பாறையைக் குடைந்திருக்கிறது. அங்கே போவது எரிந்த கோல்கள், செப்புப் பேழைகளில். இந்தியா கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் ஒரு காலத்தில் பாறையைச் சூடாக்கும் பரிசோதனை மட்டும் செய்தது, கழிவு எதையும் வைக்காமல். 2012இல் கூடங்குளம் வழக்கில் கோலாரின் பெயர் அடிபட்டதும், தலைமுறை தலைமுறையாய்ச் சுரங்கத்தில் உழைத்த தமிழர் நிறைந்த அந்த ஊர் கடையடைத்துத் தெருவில் இறங்கியது. அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அரசு சொல்ல வேண்டியதாயிற்று. ஆலையின் மின்சாரம் போனது எங்கோ, கழிவு மட்டும் எங்களுக்கா என்ற கேள்விக்கு விஞ்ஞானத்தில் விடை இல்லை. கண்ணாடி எவ்வளவு உறுதியானது என்று விளக்கினாலும், கேட்கிறவரிடம் முதலில் சம்மதம் கேட்டிருக்க வேண்டும்.

நம் நாட்டில் அணுவுலை இல்லை. ஆனால் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளிலும் தொழிற்சாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் கதிர்மூலங்கள் உண்டு. பழசானதும் அவையும் கழிவு. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் இவற்றை ஒழுங்குபடுத்தத் தனியே ஒரு பேரவையை அமைத்தது. இத்தகைய சிறு மூலங்களுக்குக் கண்ணாடி ஆலை வேண்டியதில்லை. உருக்கு உறையில் வைத்துப் பற்றவைத்து, பீப்பாயின் நடுவே நிறுத்தி, சுற்றிலும் கொங்கிரீட் நிரப்புவதே உலக வழக்கம். மேசன் வேலை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்: சீமெந்துக்குத் தண்ணீர் கூடினால் துளை கூடும், துளை கூடினால் கசிவு கூடும்.

அணுமின் பற்றிய பேச்சு கொழும்பிலும் அவ்வப்போது எழுகிறது. கடலோரம், குளிர்நீர், சனத்தொகை குறைவு என்று இடம் தேடினால் கிழக்குக் கரையில் கண் விழாமல் போகாது. அப்படி ஒரு கூட்டம் நம் ஊர் மண்டபத்தில் நடந்தால், எத்தனை மெகாவாற் என்று கேட்க ஆட்கள் நிறைய இருப்பார்கள். எரிந்த கோல் யாருடையது, விற்ற நாடு திரும்ப எடுக்கிறதா, எடுக்காவிட்டால் எத்தனை ஆண்டு தொட்டியில் நிற்கும், பிறகு எந்தப் பொருளுக்குள் போகும், அந்தச் செலவு மின்கட்டணத்தில் இப்போதே சேர்க்கப்பட்டிருக்கிறதா, இவற்றை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க ஐந்தாறு பேராவது முன்வரிசையில் இருக்க வேண்டும்.